தாய்வழி வரும் இழைமணிகள்

வெளி மாநிலத்தில் குடியேறி வாழும் நம்மவர் ஒருவர் நோயுற்று அவ்வூர் மருத்துவமனைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், வயது, தொழில் முதலியவற்றை எழுதிக்கொண்ட பின், "உங்கள் குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன நோய் இருந்தது?" என்று மருத்துவர் வினவுகிறார். தந்தையாருக்கு நீரிழிவு, பாட்டனாருக்கு இருதய நோய் என்று இரண்டொரு செய்திகள் உடனே நினைவுக்கு வருகின்றன. அன்னையாரின் தமக்கை இளவயதிலேயே செவிப்புலனை இழந்து ஊரோடு இருந்துவிட்ட செய்தி நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும், காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் அதைச் சொல்லுவானேன் என்று விட்டுவிடுகிறார். அவ்வாறு விட்டுவிடத் தகாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அஃது எது என்பதை விளக்க வேண்டுமாயின், நம் உடலின் உயிரணுக்களுக்குள்ளே சற்று நுழைந்து பார்த்து வரவேண்டும்.

மனித உடல் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்களின் கூட்டம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உயிரணுவின் உள்ளே உட்கரு என்ற தலைமைப் பகுதி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கூழ்ப்பொருளில், நூல் துணுக்குகள் போலவும் சிறு மணிகள் போலவும் தோன்றும் நுண்ணிய உறுப்புகள் பல உள்ளன. அவற்றின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. 1898-ஆம் ஆண்டில் கார்ல் பெண்டா என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் சூட்டினார். நூல் என்றும் மணி என்றும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தமிழில் இதனை இழைமணி என்கிறோம். அழகிய சொல்லாகவும் இருக்கிறது, பொருளும் சிதையவில்லை. ஆதலின் இவ்வுரையில் அதனையே ஆள்கிறேன். இரத்தத்தின் சிவப்பணுக்களில் இழைமணிகள் இல்லை. ஓய்வொழிவின்றித் துடிக்கும் இருதயத் தசையின் உயிரணு ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எங்கே உழைப்பு மிகுதியோ அங்கே இவையும் மிகுதி.

இழைமணியின் தொழில் யாது? நாம் உண்ணும் உணவில் சக்தி இருக்கிறது. ஆனால் உயிரணு அதனை அப்படியே செலவிட இயலாது. பெரிய நோட்டை வைத்துக்கொண்டு வண்டிக்காரனுக்குக் கூலி கொடுக்க இயலாமல் சில்லறை தேடுவோம் அல்லவா? அதுபோல உணவின் சக்தியைச் சில்லறையாக மாற்றிக்கொண்ட பிறகே உயிரணு அதனைச் செலவு செய்யும். அச்சில்லறைக்கு அடினோசின் டிரைபாஸ்பேட் என்று பெயர், சுருக்கமாக ஏ.டி.பி. என்பார்கள். இழைமணியின் உதவியின்றி ஒரு குளுகோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு ஏ.டி.பி. மட்டுமே நிகர லாபமாகக் கிடைக்கும். இழைமணியினுள்ளே பிராணவாயுவின் துணையோடு முழுதும் எரித்தால் முப்பது அளவில் கிடைக்கிறது. ஒரு நேரத்தில் நம் உடலில் உள்ள ஏ.டி.பி. மிகச் சொற்பம், ஆயினும் செலவாகி மீண்டும் மீண்டும் உண்டாகும் அளவைக் கூட்டிப் பார்த்தால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒருவருடைய உடல் எடைக்கே சமமாகிறது.

இந்த மாற்றம் நிகழும் விதம் வியப்புக்குரியது. இழைமணிக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. உட்சவ்வு மடிப்பு மடிப்பாக அமைந்திருக்கிறது. உணவிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான்கள் அச்சவ்வில் பதிந்துள்ள புரதங்களிடையே கைமாறிக் கைமாறிச் சென்று, கடைசியில் நாம் சுவாசித்த பிராணவாயுவோடு சேர்ந்து நீராக முடிகின்றன. அந்தப் பயணத்தில் கிடைக்கும் சக்தி, புரோட்டான்களைச் சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறு புறத்துக்கு ஏற்றித் தேக்கி வைக்கிறது. மேட்டூர் அணையிலே தேங்கிய காவிரி நீர் குழாய்களின் வழியே இறங்கிச் சுழலிகளைச் சுழற்றி மின்சாரம் தருகிறது அன்றோ? தேங்கிய புரோட்டான்களும் அவ்வாறே ஒரு நுண்ணிய சுழலியின் வழியே இறங்கி, அதைச் சுழற்றி, ஏ.டி.பி.யை உண்டாக்குகின்றன. 1961-ஆம் ஆண்டில் பீட்டர் மிட்சல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இக்கருத்தை வெளியிட்டபோது துறை வல்லுநர்கள் பலர் ஏற்க மறுத்தனர். 1978-இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

அணையில் கசிவு ஏற்பட்டால் என்ன ஆகும்? நீர் இறங்கிக்கொண்டே இருக்கும், மின்சாரம் மட்டும் வராது. மனித உடலில் இத்தகைய கசிவு ஒன்றினை 1962-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ரோல்ஃப் லுஃப்டும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். அவர்களிடம் வந்த பெண்மணிக்கு வயது 35. ஏழு வயது முதலே அவருக்கு ஓயாத வியர்வை. எவ்வளவு உண்டாலும் உடல் தேறவில்லை. குளிர் மிகுந்த அந்நாட்டிலும் வெப்பம் தாங்கவில்லை. தைராய்டு சுரப்பியின் கோளாறு என்றே எவரும் முதலில் எண்ணுவர். சோதித்துப் பார்த்ததில் சுரப்பி சரியாகவே இருந்தது. பிறகு தசையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதன் இழைமணிகளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். உணவு இடைவிடாது எரிகிறது, ஆனால் ஏ.டி.பி. உண்டாகும் வேலையோடு அந்த எரிப்பு சரிவர இணையவில்லை, சக்தியின் பெரும்பகுதி வெறும் வெப்பமாகக் கழிந்து போகிறது என்பது புலனாயிற்று. உறுப்பைப் பார்த்தும் சுரப்பியைப் பார்த்தும் நோயைப் பெயரிட்டு வந்த மருத்துவம், உயிரணுவுக்குள் இருக்கும் ஒரு துகளின் பழுதே நோயாகும் என்பதை முதன்முதலாக ஒப்புக்கொண்டது அந்தப் பெண்மணியின் மூலமாகத்தான்.

அதற்கு அடுத்த ஆண்டிலேயே மற்றொரு செய்தி வெளிவந்தது. மார்கிட் நாஸ், சில்வன் நாஸ் என்ற தம்பதியர் கோழிக் கருவின் உயிரணுக்களை எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் பார்த்து, இழைமணிக்குள்ளும் டி.என்.ஏ. இருக்கிறது என்று 1963-இல் அறிவித்தார்கள். டி.என்.ஏ. என்பது பரம்பரைக் குணங்களை எழுதி வைத்துள்ள ஏடு என்பது நேயர்கள் அறிந்ததே. உட்கருவில் மட்டுமே இருப்பதாகக் கருதப்பட்ட ஏட்டின் சிறிய உடன்பிறப்பு ஒன்று வெளியிலும் இருந்தது! பெரிய ஏட்டில் சுமார் 300 கோடி எழுத்துகள். சிறிய ஏட்டிலோ 16,569 எழுத்துகளே. அவை அனைத்தையும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1981-ஆம் ஆண்டில் வரிசையாகப் படித்து முடித்தனர். அதில் அடங்கிய ஜீன்கள் 37. அவற்றுள் 13 மட்டுமே புரதங்களுக்கு உரியவை. அந்த 13 புரதங்களும் முன்னே சொன்ன அணைக்கட்டின் உறுப்புகள். இழைமணிக்கு வேண்டிய ஏனைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களைப் பெரிய ஏட்டைப் பார்த்தே உயிரணு தயாரித்து அனுப்புகிறது.

தனி ஏடு எவ்வாறு வந்தது என்றால், 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இழைமணி தனித்து வாழ்ந்த ஒரு பாக்டீரியாவாக இருந்து, பிறகு மற்றொரு உயிரணுவுக்குள் புகுந்து குடியேறிவிட்டது என்று விஞ்ஞானிகள் கொள்கின்றனர். குடியேறிய இடத்தில் எல்லாம் கலந்து போனாலும் பூர்வீகத்தின் அடையாளம் சிறிது எஞ்சி நிற்பது நமக்கும் புதிய அனுபவமன்று. அந்த அடையாளத்தால் விளையும் ஒரு தீங்கைப் பின்னர்க் காண்போம்.

இனி, ஏடுகள் பழுதுபடும் கதை. டி.என்.ஏ. கல்லில் பொறித்த எழுத்துப் போன்றது என்று எண்ணுவது தவறு. உடல் வெப்பமும் நீருமே அதை அரிக்கின்றன. ஓர் உயிரணுவின் டி.என்.ஏ.யில் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பழுதுகள் நிகழ்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரும், புகையிலைப் புகையும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இவ்வளவுக்கும் நாம் உயிர் வாழ்கிறோம் என்றால், பழுது பார்க்கும் புரதங்கள் இரவும் பகலும் வேலை செய்வதே காரணம். கெட்ட எழுத்தை வெட்டி எடுத்து, எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை எழுதிவிடுகின்றன. இந்த முறைகளைக் கண்டு விளக்கியதற்காக 2015-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அசீஸ் சன்கார் ஆகிய மூவருக்கும் கிடைத்தது. இவ்வேலையாட்களுள் ஒருவர் பிறவியிலேயே இல்லாமற் போனால், வெயிலில் சிறிது நேரம் விளையாடிய குழந்தையின் தோல் வெந்து, நாளடைவில் புற்றுநோய்க்கு இடமாகிறது. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அந்நோயின் காரணம் பழுது பார்க்க இயலாமையே என்பதை 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார்.

பழுது கைமீறிப் போய்விட்டால் உயிரணுவுக்கு மூன்று வழிகள் உண்டு. பெருகுவதை நிறுத்திக்கொண்டு முதுமையடைந்து கிடக்கலாம். தானே மடிந்து போகலாம். இரண்டும் செய்யாமல் பிழையோடு பெருகினால் புற்றுநோயாகலாம். மடிந்து போகும் வழியில் இழைமணிக்கு எதிர்பாராத பங்கு ஒன்று இருப்பதை 1996-இல் சியாவோடாங் வாங் என்ற விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும் கண்டனர். சக்தி ஆக்கும் பணியில் எலெக்ட்ரான்களைச் சுமந்து செல்லும் சைட்டோகுரோம் சி என்ற புரதம், இழைமணியை விட்டு வெளியே வந்ததும் உயிரணுவின் சாவைத் தொடங்கி வைக்கிறது. உட்கருவில் ஏடு சிதைந்துவிட்டது என்ற செய்தி வந்ததும் இழைமணி கதவைத் திறந்து அதனை வெளியே அனுப்புகிறது. சோறு சமைக்கும் அடுப்பே சிதையின் நெருப்பையும் கொடுக்கிறது. இரண்டு ஏடுகளின் நலமும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சிறிய ஏட்டின் நிலைமை பெரிய ஏட்டினும் இரங்கத்தக்கது. எலெக்ட்ரான்கள் கைமாறும்போது ஒன்றிரண்டு வழி தவறிப் பிராணவாயுவோடு சேர்ந்து, அண்டியதைத் தாக்கும் பொருள்களாகின்றன. அவை பிறக்கும் இடத்துக்கு அருகிலேயே சிறிய ஏடு இருக்கிறது. உட்கருவில் உள்ள பழுது பார்க்கும் முறைகள் அனைத்தும் அங்கே இல்லை. ஆகவே அதன் எழுத்துகள் பெரிய ஏட்டின் எழுத்துகளைவிடப் பல மடங்கு விரைவாக மாறுகின்றன. ஆனால் ஒரு வசதி உண்டு. பெரிய ஏட்டுக்கு, தந்தை வழி ஒன்று தாய் வழி ஒன்று என இரண்டே பிரதிகள். சிறிய ஏட்டுக்கு ஓர் உயிரணுவிலேயே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் பிரதிகள். சில கெட்டாலும் மற்றவை வேலையைச் செய்துவிடும். கெட்ட பிரதிகள் பாதிக்கு மேல், பெரும்பாலும் நூற்றுக்கு அறுபது முதல் தொண்ணூறு வரை பெருகிய பிறகே நோய் தலைகாட்டும்.

இந்தச் சிறிய ஏடு தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. தாயின் முட்டை உயிரணுவில் இதன் பிரதிகள் லட்சத்துக்கும் மேல் உள்ளன. தந்தையின் விந்தணு கொண்டு வரும் ஒரு சிலவோ கருவில் அழிக்கப்பட்டு விடுகின்றன. ஒரு தாயின் இழைமணி ஏடுகளில் நல்லனவும் கெட்டனவும் கலந்திருக்கின்றன என்று கொள்ளுங்கள். களத்தில் குவித்த நெல்லில் பதர் கலந்திருப்பது போன்றது அது. குவியல் முழுவதிலும் பதர் கொஞ்சமே. ஆனால் கைப்பிடி கைப்பிடியாக அள்ளினால் ஒரு பிடியில் பதர் இல்லாமலும் இருக்கலாம், மற்றொரு பிடி பெரும்பாலும் பதராகவே அமையலாம். முட்டைகள் உருவாகும் காலத்தில் இவ்வாறு சிறு பிடிகளாகவே ஏடுகள் பங்கிடப்படுகின்றன. அதனால்தான் நோயின் சாயலே இல்லாத தாய்க்கு ஒரு குழந்தை நலமாகவும் அடுத்த குழந்தை கொடிய நோயோடும் பிறப்பது உண்டு. தாய் செய்த தவறு எதுவும் இதில் இல்லை. இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் குழந்தை நோயுற்றால் மருமகளைக் குறை சொல்லும் வழக்கம் இன்னும் நம்மை விட்டு முற்றும் நீங்கவில்லை. தவிரவும், குழந்தைகளுக்கு வரும் இழைமணி நோய்களுள் பெரும்பாலானவை பெரிய ஏட்டின் பிழையால் வருவன. அப்பிழை பெற்றோர் இருவரிடமும் மறைந்திருந்து குழந்தையிடம் இரட்டித்து வெளிப்படுவதே மிகுதி. நெருங்கிய உறவில் மணம் செய்யும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

சக்தியை மிகுதியாகச் செலவிடும் உறுப்புகளே முதலில் அடிபடும். மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். அது கொள்ளும் பிராணவாயுவோ நூற்றுக்கு இருபது பங்கு. கண், செவி, இருதயம், தசை ஆகியவையும் அந்த வரிசையில் நிற்பவை. 1871-ஆம் ஆண்டில் தியடோர் லெபர் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் ஒரு நோயை விவரித்தார். இளைஞர்களுக்கு, அதிலும் ஆண்களுக்கு, சில வாரங்களிலோ மாதங்களிலோ இரு கண்களின் நடுப்பார்வையும் மங்கிப் போகும். தாய்வழியிலேயே தொடரும் அந்நோய்க்குச் சிறிய ஏட்டில் மாறிய ஒரே எழுத்து காரணம் என்று அமெரிக்காவில் டக்ளஸ் வாலஸ் என்பவரின் குழு 1988-இல் நிலைநாட்டிற்று. இத்தகைய பரம்பரையைத் தடுக்கப் பிரிட்டன் 2015-இல் ஒரு சட்டம் இயற்றியது. தாயின் கருவுற்ற முட்டையிலிருந்து உட்கருப் பொருளை எடுத்து, வேறொரு பெண் அளித்த முட்டையில் வைத்து வளர்க்கும் முறைக்கு அது இடம் தந்தது. இம்முறையால் நியூகாசில் நகரில் எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025 ஜூலையில் செய்தி வந்தது.

முதுமையும் இழைமணியின் சேதத்தால்தான் வருகிறதா? டென்ஹாம் ஹார்மன் 1956-லும் 1972-லும் அவ்வாறு கருதினார். 2004-இல் ஸ்வீடனில், சிறிய ஏட்டைப் பிரதி எடுக்கும்போது பிழை திருத்த இயலாத சுண்டெலிகளை உண்டாக்கினார்கள். அவை இளமையிலேயே முடி நரைத்து உதிர்ந்து, எலும்பு மெலிந்து, சுமார் ஓராண்டில் மடிந்தன. ஏட்டின் பழுது முதுமைக்கு ஒரு காரணமாகலாம் என்பது இதனால் தெளிவு. ஆனால் ஹார்மன் குற்றம் சாட்டிய பிராணவாயுவின் தாக்குதல் அவ்வெலிகளில் மிகுதியாகக் காணப்படவில்லை. கடைகளில் விற்கும் மாத்திரைகளால் அத்தாக்குதலைத் தடுத்து இளமையைக் காக்கலாம் என்று விளம்பரம் செய்வோர் இந்தப் பின் பாதியைச் சொல்லுவதில்லை. பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் ஆடவர் 29,000 பேரை வைத்து நடத்திய சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் சுமார் 18 சதவிகிதம் கூடியதே ஒழியக் குறையவில்லை என்று 1994-இல் தெரியவந்தது. உழைக்கும் தசையில் இழைமணிகளின் வலிமை பெருகும் என்பதோ, ஜான் ஹாலசி 1967-இல் எலிகளை ஓடவிட்டுச் சோதித்த நாள் முதல் அசையாத உண்மை. நடப்பதற்குப் பணமும் வேண்டியதில்லை.

தொடக்கத்தில் விட்ட செவிக்கு வருகிறேன். உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர் உயிரணுக்கள் சுமார் 15,000 உள்ளன. அவை ஒருமுறை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 1943-இல் கண்டெடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மருந்து காசநோயாளர் எத்தனையோ பேரைக் காத்தது. ஜென்டாமைசின், அமிகாசின் என்பன அதன் இனத்தவை. கடுமையான தொற்றுகளுக்கு, பிறந்த குழந்தைகளுக்கும்கூட, இன்றும் கொடுக்கப்படுகின்றன. பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையைத் தாக்குவதே இவற்றின் வேலை. நம் இழைமணியின் பூர்வீகமும் பாக்டீரியாதான் என்று சொன்னேன் அல்லவா? அதன் புரதத் தொழிற்சாலை ஓரளவு பாக்டீரியாவுடையதை ஒத்திருக்கிறது; ஆயினும் சாதாரணமாக மருந்து ஏமாறுவதில்லை. சிறிய ஏட்டின் 1555-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு அந்த ஒற்றுமை இன்னும் நெருக்கமாகிவிடுகிறது. மருந்து பகைவன் யார், வீட்டார் யார் என்று அறியாமல் தாக்குகிறது. மற்றவர்களுக்குத் தீங்கு செய்யாத அளவே இவர்களுடைய செவியை நிரந்தரமாக அடைத்துவிடக் கூடும். அராபியக் குடும்பம் ஒன்றையும் சீனக் குடும்பங்கள் மூன்றையும் ஆராய்ந்து 1993-இல் இவ்வுண்மையை வெளியிட்டனர். பிறந்த குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அரை மணிக்குள் இந்த எழுத்தைப் படித்துவிடும் கருவி ஒன்றைப் பிரிட்டனில் மான்செஸ்டர் நகர மருத்துவர்கள் பயன்படுத்திப் பார்த்து 2022-இல் முடிவுகளை அறிவித்தார்கள்.

அக்கருவி எல்லா ஊர்களிலும் இல்லை. ஆனால் நம்மிடம் உறவுமுறை இருக்கிறது. அப்பன் உடன்பிறந்தாளை அத்தை என்றும், அம்மா உடன்பிறந்தாளைப் பெரியம்மா, சித்தி என்றும் வேறு வேறு பெயரால் அழைக்கும் நமக்கு இழைமணியின் வழியைக் கண்டுகொள்வது எளிது. அன்னையும், அன்னையைப் பெற்ற பாட்டியும், பெரியம்மாவும், சித்தியும், அவர்கள் பெற்ற மக்களும், நம் உடன்பிறந்தாரும், நம் சகோதரிகளின் மக்களும் நம்மோடு ஒரே ஏட்டைப் பகிர்ந்தவர்கள். தாய்மாமனும் அப்படியே, ஆனால் அவருடைய மக்கள் அப்படியல்லர், அவர்கள் மாமியின் ஏட்டைக் கொண்டவர்கள். அத்தையின் செவிடும் பாட்டனாரின் செவிடும் இவ்விஷயத்தில் கணக்கில் சேரா.

இந்த வரிசையில் எவரேனும் இளவயதில் செவிப்புலன் இழந்திருந்தால், அதிலும் ஏதோ ஊசி போட்டுக்கொண்ட பின் இழந்திருந்தால், ஊசி போடுமுன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். ஊசியே வேண்டாம் என்று நாமாக மறுப்பது கூடாது. உயிருக்கு ஆபத்தான தொற்றில் அம்மருந்தே தேவையாகவும் இருக்கலாம். வேறு மருந்து ஏற்குமா, சோதனை செய்யலாமா என்பதை அவர் தீர்மானிப்பார். இது மிக அரிதான நிலை. ஆயினும் செவிட்டுக்குக் காரணம் ஊசிதான் என்பது அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது. காய்ச்சலில் காது போயிற்று என்றே வீட்டில் சொல்லியிருப்பார்கள். கிராமத்தில் இருக்கும் பெரியம்மாவிடமோ, அவரும் இல்லையென்றால் அவர் மூத்த மகளிடமோ தொலைபேசியில் கேட்டு, என்ன நோய், எந்த வயது, ஊசி போட்டார்களா, எத்தனை நாள் கழித்துக் காது மந்தமாயிற்று என்பவற்றை ஒரு காகிதத்தில் குறித்து, குழந்தைகளின் தடுப்பூசி அட்டை இருக்கும் உறையிலேயே அதையும் வைத்துக்கொள்ளலாம்.